இடுப்பின் அடித்தளம்: பாலாற்றங்கரைப் பெண்களை முன்னிட்டு ஒரு விளக்கம்

வேலூருக்கு இன்றுள்ள வைத்திய கீர்த்தியின் மூலத்தைத் தேடிப் போனால், பிரசவ வேதனையில் மாண்டுபோன மூன்று பெண்களிடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1870ஆம் ஆண்டு ராணிப்பேட்டையில் அமெரிக்கப் பாதிரி வைத்தியர் ஒருவருக்கு மகளாகப் பிறந்த ஐடா ஸ்கடர், 1890களில் திண்டிவனத்தில் தந்தையோடு தங்கியிருந்த காலத்தில், ஒரே இரவில் ஒரு பிராமணரும், ஒரு முஸ்லிமும், மேல்சாதி ஹிந்து ஒருவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவ வரவேண்டும் என்று அந்தப் பெண்ணைக் கெஞ்சியதும், தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்று அவர் சொன்னபோது, அந்நிய ஆடவர் எங்கள் ஸ்திரீயைத் தொடலாகாது என்று அவர்கள் திரும்பிப் போனதும், பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்ததும் இந்தப் பிரதேசத்தில் பலர் கேட்டறிந்த வரலாறு. அந்த இரவு ஐடாவை வைத்தியம் படிக்க அனுப்பியது. 1899இல் கார்னெல் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் சிறியதொரு மருந்தகத்தைத் தொடங்கி, 1902இல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி எழுப்பி, 1918இல் பெண்களை வைத்தியராக்கும் பள்ளியையும் அவர் திறந்தார். இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து கிளைத்தது.

அந்த மூன்று பெண்களும் பிழைத்திருந்தால் அதன் பிறகு எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்ற கேள்வியை அந்நாளில் எவரும் கேட்டிருக்க முடியாது. உயிர் போகும் இடத்தில் உடம்பின் சௌகரியத்தைப் பற்றி யார் விசாரிப்பார்கள்? ஆனால் இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. 2018-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 54 தாய்மார் என்ற அளவுக்கு மரணம் குறைந்திருக்கிறது. ஆகையால் அன்று கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்பதற்கு அவகாசம் வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். பிள்ளை பெற்றுப் பிழைத்து வீடு திரும்பி, ஐந்தாறு மாதத்தில் மறுபடியும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற பாலாற்றங்கரைப் பெண்ணின் சரீரத்தில், எவருடைய கண்ணுக்கும் படாமல் கிழிந்தோ, தளர்ந்தோ, நைந்தோ போயிருக்கக்கூடிய ஒரு தசைக்கூட்டத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

இடுப்பெலும்பு ஒரு வளையம். முன்னே அடிவயிற்றின் கீழ் விரலால் அழுத்தினால் தட்டுப்படும் எலும்பு, பின்னே வால் எலும்பு, இரு பக்கத்திலும் நாம் பலகையில் உட்காரும்போது உறுத்துகிற எலும்பு முனைகள் ஆகியவை அதன் எல்லைகள். இந்த வளையத்தின் அடிப்புறத்தில் எலும்பு கிடையாது. அது திறந்த வாய். குழந்தை வெளியே வருவதற்கு வழி வேண்டுமாகையால், எலும்பைக் கொண்டு அடைக்க முடியாத அந்த வாயைத் தசையைக் கொண்டே தாங்கவேண்டியிருக்கிறது. கயிற்றுக் கட்டிலில் மரச்சட்டத்தின் நடுவே பின்னிய கயிறு படுத்தவரின் பாரத்தைத் தாங்குவதுபோல, இந்த எலும்புச் சட்டத்தின் நடுவே முன்னிருந்து பின்னாகவும் பக்கவாட்டிலுமாக ஓடுகிற தசைகள் மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் ஏந்திக்கொண்டிருக்கின்றன. தொய்ந்த கட்டிலுக்கு ஆள் வைத்துத்தான் கயிறு இழுத்துக் கட்டவேண்டும். தசையோ தானே இறுகவல்லது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நான் இனிச் சொல்லப்போகும் நம்பிக்கையான செய்திகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

இத்தசைகளில் பிரதானமானதற்கு லெவேட்டர் ஏனை என்று வைத்திய சாஸ்திரத்தில் பெயர். அதன் ஒரு பகுதி முன்னெலும்பிலிருந்து புறப்பட்டு மலக்குடலின் பின்புறம் சுற்றி மீண்டும் முன்னெலும்புக்கே வந்து சேருகிறது. அது இறுகியிருக்கும் வரை மலக்குடல் வளைந்து நிற்பதால் மலம் தங்குகிறது. நாம் குந்தி உட்காரும்போது அந்த வளைவு நிமிர்ந்து வழி விடுகிறது. குந்தும் கக்கூஸைப் பழையதென்று இடித்துத் தள்ளுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம். தசைப் படலத்தின் நடுவே முன்பின்னாக ஓர் இடைவெளி இருக்கிறது. பெண்ணின் மூன்று துவாரங்களுக்கும் அதுவே வழி. முன்னே இருப்பது மூத்திரத் துவாரம். ஆணுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மூத்திரக் குழாய் பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான். ஆகவே கிருமி மேலேறுவதும் எளிது, நீர் கசிவதும் எளிது. நடுவில் இருப்பது யோனி. மாதவிலக்கின் உதிரமும் குழந்தையும் வருகிற வழி அது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அறியாமலே பேரப்பிள்ளை கண்ட பெண்கள் நம்மிடையே அநேகர். பின்னே இருப்பது மலத்துவாரம். பின்னிரண்டுக்கும் இடையே ஒரு விரல் அகலத்தில் உறுதியான சதைமுடிச்சு ஒன்று உண்டு. பல தசைகள் வந்து கூடுகிற அந்த இடத்தில்தான் பிரசவத்தின்போது கிழிவதும், வெட்டித் தையல் போடுவதும் நிகழ்கின்றன.

மேலே கருப்பை. பிள்ளை பெறாதவளுக்கு அது ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 60 கிராம் எடையும் உள்ள சிறிய அவயவம். நிறைமாதத்தில் அதன் சதை மட்டுமே ஒரு கிலோ எடைக்கு வளர்ந்துவிடுகிறது. அதைத் தாங்குகிறவர்கள் இருவர்: மேலிருந்து பிடித்துக்கொள்ளும் தசைநார்கள், கீழிருந்து ஏந்தும் தசைப்படலம். கீழே ஏந்துகிறவர் தளர்ந்தால் பாரம் முழுவதும் மேலே பிடித்திருப்பவரிடம் போய்விடும். நார்கள் நீண்டு கொடுப்பவை, ஆனால் நீண்டபின் தாமாகச் சுருங்கத் தெரியாதவை. கருப்பை இறக்கத்தின் கதை சுருக்கமாக இவ்வளவே.

இந்தத் தசைகளுக்குத் தூக்கம் கிடையாது. நாம் உறங்கும்போதுகூட அவை மெல்லிய இறுக்கத்தோடு விழித்திருக்கின்றன. மூச்சை உள்ளே இழுக்கும்போது மேலே உதரவிதானம் இறங்க, கீழே இவையும் சிறிது இறங்கி, மூச்சை விடும்போது இரண்டும் சேர்ந்து மேலேறுகின்றன. இருமலோ தும்மலோ வரும்போது, வயிற்றின் அழுத்தம் கீழே வந்து மோதுவதற்கு முன்னதாகவே அவை இறுகி மூத்திரக் குழாயை நெருக்கிப் பிடிக்கின்றன. நாம் கட்டளை இடாமலே நடக்கும் இந்தச் சேவகம் என்றைக்கு ஒரு கணம் தாமதிக்கிறதோ, அன்றைக்குத்தான் அப்படி ஒரு சேவகன் இருந்ததே நமக்குத் தெரியவருகிறது.

பிரசவம் இத்தசைகளுக்கு எவ்வளவு பெரிய சோதனை என்பதை மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2004இல் கணினி உருவமைப்பைக் கொண்டு கணக்கிட்டார்கள். குழந்தையின் தலை வெளிப்படும் தருணத்தில், லெவேட்டர் தசையின் உட்புறப் பகுதி தன் இயல்பான நீளத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் நீள்கிறது. சரீரத்தின் மற்றத் தசைகள் இவ்வளவு நீண்டால் கிழிந்தே போகும். பெரும்பாலான பெண்களுக்கு இத்தசை கிழியாமல் மீண்டுவிடுகிறது என்பதுதான் ஆச்சரியம். ஆயினும் சிலருக்கு எலும்பிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. சிலருக்கு அதை இயக்கும் நரம்பு நசுங்கி, மாதக்கணக்கில் செயல் மங்குகிறது. தலை நெடுநேரம் வாயிலிலேயே நிற்பதும், ஆயுதம் போட்டு எடுப்பதும், கருப்பை வாய் முழுதும் திறக்கும் முன்பே முக்கச் சொல்வதும் சேதத்தை அதிகப்படுத்துபவை. சிசேரியன் இந்த அபாயத்தைக் குறைக்கிறது, அறவே நீக்குவதில்லை. ஒன்பது மாதம் பாரம் சுமந்ததும் ஒரு சோதனைதானே.

பிரசவத்துக்குப் பின் வேலை தரும் சோதனையைப் பார்க்க இனி ஆம்பூருக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தொடரும் தோல் பிரதேசத்தில், தோல் பதனிடும் டேனரிகளில் பாரத்தையும் சாயத்தையும் சுமப்பவர்களில் ஆடவர் அதிகம். ஷூ கம்பெனிகளிலோ மிஷின் தையலிலும், ஒட்டுவதிலும், டப்பாவில் அடைப்பதிலும் பெண்களே பெரும்பான்மையோர். கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே சொம்புத் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் வழக்கம் தொடங்கிவிடுகிறது. மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கு இருக்கிற இடத்தில் ஒன்றுக்குப் போக எழுந்தால் வரிசையில் வேலை தேங்கும். மேஸ்திரியின் முகம் மாறும். ஆகவே குடிக்காமலிருப்பதும் அடக்கிவைப்பதும் சுபாவமாகின்றன. தண்ணீர் குறைந்தால் மூத்திரம் செறிவாகி மூத்திரப்பையை எரிச்சலூட்டி அடிக்கடி போகத் தூண்டும். நெடுநேரம் அடக்கினால் நீர்க்கடுப்பும் கிருமியும் வரும். மலமும் இறுகி, முக்கி முக்கிப் போகும்போது அடித்தளத்தின்மேல் அழுத்தம் ஏறும். ஒவ்வொன்றும் சின்ன விஷயம், சேர்ந்தால் வியாதி.

கம்பெனிக்குப் போகாத பெண்களும் இதே தொழிலில் உண்டு. ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பிற்பகலில் நடந்து சென்றால், திண்ணையிலும் வாசலிலும் பெண்கள் தரையில் அமர்ந்து, வெட்டித் துளையிட்டு ஏஜெண்டு கொண்டுவந்து போட்ட, ஷூவின் மேல்பாகத்துக்கான ‘அப்பர்’ தோல்களை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியை ஒரு துளையில் ஏற்றி மறு துளையில் வாங்கி, நூல் அறுத்துவிடாதபடி விரலில் துணி சுற்றிய கைகள் இரண்டாலும் நூலை இழுத்து இறுக்குவதைக் காணலாம். ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. இறுக்குகிற ஒவ்வொரு முறையும் தம் பிடிப்பது அவர்களுடைய பழக்கம். மூச்சை அடைத்துப் பலம் பிரயோகித்தால் வயிற்றின் அழுத்தம் கீழ்நோக்கிப் பாயும் என்பது சரீர சாஸ்திரத்தின் அரிச்சுவடி. மூச்சை விட்டுக்கொண்டே இழுக்கவேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

தண்ணீர்க் குடத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். டேனரிக் கழிவு கலந்து பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டுப்போனதை வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றபின், 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் வழங்கிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்றாகப் போற்றப்படுகிறது. கெட்டது நிலம், கெட்டது பயிர் என்றெல்லாம் பேசினோம். சொந்தக் கிணற்றுத் தண்ணீர் உதவாமல் போன வீட்டில், தூரத்துக் குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தவள் யார் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. பாரம் தூக்குவதும், நாள்பட்ட இருமலும், மலச்சிக்கலும், அதிக உடற்பருமனும், மாதவிலக்கு நின்றபின் குறைகிற ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் அடித்தளம் தளர்வதற்கான காரணங்களாக வைத்தியர்கள் சேர்த்தெண்ணுகிறவை.

தளர்ச்சியின் முதல் அடையாளம் பெரும்பாலும் கசிவுதான். சிரித்தால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சொட்டுவது ஒரு வகை. அவசரம் வந்து கக்கூஸ் கதவை அடைவதற்குள் போய்விடுவது இன்னொரு வகை. இரண்டும் கலந்தும் வரலாம். இதனால் உயிருக்கு ஆபத்தில்லை என்பது மெய். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு வாடை தெரியுமோ என்ற கூச்சத்தில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போவதை நிறுத்திவிட்ட பெண்ணிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள் மிகுந்த ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இதற்கு வேறொரு துக்கமும் உண்டு. தொழுகைக்கு முன் செய்யும் அங்கசுத்தியான ஒளுவைச் செய்தபின் ஒரு சொட்டுக் கசிந்தாலும் ஒளு முறிந்துவிடும். தொழுகையில் குனிந்து எழும்போதே அது நேர்ந்தால் மனம் எப்படி நிலைக்கும்? இடைவிடாத கசிவு உள்ளவர்களுக்கு மார்க்கச் சட்டத்தில் சலுகை இருக்கிறது. ஆனால் கேட்டால்தானே சொல்வார்கள், கேட்பதற்கே நாணம்.

இதற்கடுத்தது இறக்கம். முன்சுவர் தளர்ந்தால் மூத்திரப்பையும், பின்சுவர் தளர்ந்தால் மலக்குடலும், மேல்நார்கள் நீண்டால் கருப்பையும் யோனிக்குள் புடைத்துவரும். காலையில் சற்று லேசாகவும், மாலையில் பாரமாகவும், ஏதோ கீழே வந்து நிற்பதுபோலவும் தோன்றும். ‘அடி தள்ளுது’ என்று நம் கிராமத்துப் பெண்கள் சொல்வது இதைத்தான். செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981 முதல் இயங்கும் கிராமப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைச் சேர்ந்த சுந்தரி ரவீந்திரனும் அவருடைய தோழியரும், இந்த உபாதையோடு வாழும் பெண்களிடமே பேசி எழுதிய ஆய்வு 1999இல் வெளிவந்தது. நேபாளத்தில் இந்நோய் மிகப் பரவலாக இருந்தபடியால் விஷயம் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் வரை சென்று, 2008இல் பெண்களின் இனப்பெருக்க ஆரோக்கிய உரிமையாகவே அது தீர்மானிக்கப்பட்டது. நம் நாட்டிலும் சின்ன வயதிலேயே இறக்கம் கண்ட பெண்கள் மிகுதியாயிருந்ததால்தான், கருப்பையை எடுத்துவிடாமல் தூக்கிக் கட்டும் சஸ்திர சிகிச்சைகளைப் பம்பாய் வைத்தியர்களான ஷிரோட்கரும் புரந்தரேயும் வகுத்தார்கள்.

இங்கே என் அபிப்பிராயத்தைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். ‘பிள்ளை பெற்றாயிற்று, இனிப் பை எதற்கு, எடுத்துவிடலாம்’ என்ற பேச்சு நம் ஊர்களில் மிகச் சுலபமாக நடக்கிறது. கருப்பையை எடுத்தே தீரவேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இறங்கியது கருப்பையே ஆனாலும் கெட்டது அடித்தளம்; இறங்கினதை எடுத்தெறிந்துவிட்டு, தாங்காமல் விட்டதை அப்படியே வைத்திருந்தால், சில ஆண்டுகளில் யோனியின் மேல் முனையே கீழே வரக்கூடும். சஸ்திர சிகிச்சைக்கு முன் விசாரிக்கவேண்டியவை வேறு இருக்கின்றன. சிலிக்கோன் வளையம் ஒன்றை உள்ளே வைத்து இறங்கிய அவயவத்தை ஏந்தி நிறுத்தலாம். அளவு பார்த்து வைத்து, அவ்வப்போது எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டால் பல பெண்களுக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது. இப்படி ஒரு வளையம் உண்டென்றே கேள்விப்படாமல் ஆபரேஷன் மேஜைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

லேசான இறக்கத்துக்கும் கசிவுக்கும் முதல் சிகிச்சை அப்பியாசமே. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஆர்னால்டு கீகல் என்ற வைத்தியர் 1948இல் இதை முறைப்படுத்தி வெளியிட்டார். மூலபந்தம் என்ற பெயரில் அடித்துவாரத்தைச் சுருக்கும் பயிற்சி நம் ஹடயோக நூல்களில் நெடுங்காலமாகவே உண்டு. ஆனால் அவை எழுதப்பட்டது யோகிகளுக்காக, பிள்ளை பெற்றவளுக்காக அன்று. 2018இல் காக்ரன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வில், இருமல் தும்மலில் கசிகிற வகைப் பெண்களில் அப்பியாசம் செய்தவர்களில் 56 சதவிகிதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவிகிதம்.

முதலில் முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, சபையில் வாயு பிரியாமல் அடக்குவதற்கு எந்தத் தசையை இறுக்குவோமோ அதை இறுக்கி, உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் ஆகியவை சும்மா இருக்க வேண்டும். மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே ஐந்து எண்ணும்வரை முழுதும் தளர்த்த வேண்டும். நாளடைவில் பத்துவரை போகலாம். ஒரு வேளைக்கு எட்டுப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பழகியபின் உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். அப்பர் தைத்துக்கொண்டே செய்தால் அயல்வீட்டுக்காரிக்குத் தெரியப்போவதில்லை. இருமலோ தும்மலோ வருகிறதென்று தெரிந்தவுடன், குடத்தில் கை வைத்தவுடன், முன்கூட்டியே ஒருமுறை இறுக்கிக்கொள்வது தனியொரு வித்தை. தாமதித்த சேவகனை நாமே எழுப்பிவிடுவது அது. மூத்திரம் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்வது மட்டும் கூடாது. மூத்திரப்பை முழுதும் காலியாகாமல் போகும்.

கேட்பதற்குச் சுலபம், செய்வதில் பிசகு நேர்வதுண்டு. 1991இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்ட பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரே சரியாகச் செய்தார்கள். நாலில் ஒருத்தி உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வெளியே முக்கினாள், அதாவது நோயை வளர்க்கும் வேலையைச் சிரத்தையோடு செய்தாள். ஆகவே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறையாவது காட்டிக்கொள்வது நலம். எல்லாருக்கும் இறுக்குவதே மருந்து என்றும் எண்ணிவிடக் கூடாது. சிலருக்கு இத்தசை அளவுக்கு மீறி இறுகி, தாம்பத்தியத்தில் வலியும், மூத்திரம் பிரிவதில் தடையும் உண்டாகும்; அவர்களுக்குத் தளர்த்தவே கற்பிக்க வேண்டும். மூத்திரத்தில் ரத்தம் கண்டாலும், மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டாலும், புடைத்தது வெளியே வந்து மூத்திரம் அடைத்துக்கொண்டாலும் அப்பியாசத்தை நம்பியிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கீகல் தம் முறையை வெளியிட்ட அதே 1948இல்தான் இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டமும் பிறந்தது. தொழிலாளர் ஆலையில் இருக்கும் நேரம் முழுதும் அணுகக்கூடியதாக, போதுமான கழிப்பிடம் இருக்க வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு விதித்தது. கழிப்பிடம் கட்டியாயிற்றா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வருவார். எழுந்து போவதற்கு மேஸ்திரியின் முகம் இடம் கொடுத்ததா என்று எந்த இன்ஸ்பெக்டர் பார்ப்பார்? திண்ணையில் அமர்ந்து தைக்கிறவளுக்கோ அந்தச் சட்டத்தின் வாசற்படியும் இருந்ததில்லை.

அவளுடைய வீட்டுக்கு வருகிற சர்க்கார் ஊழியர்களில் ஒருவர் கிராமச் செவிலியர். குழந்தை பிறந்தபின் 42ஆம் நாள்வரை குறித்த நாட்களில் வீடு தேடி வரவேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. குழந்தையின் எடை, தொப்புள், தாய்ப்பால், தடுப்பூசி எல்லாம் விசாரித்து முடித்தபின் இன்னும் ஒரு கேள்விக்கு அவகாசம் உண்டு. சில செவிலியர் அதைக் கேட்கவும் செய்கிறார்கள். அப்போது பேச்சு அநேகமாக இப்படிப் போகும்:

“இருமுனா தும்முனா ஒன்னுக்குச் சொட்டுதாம்மா?”

“ஆமா நர்ஸம்மா. கொழந்த பொறந்தா அப்டித்தான் இருக்கும்னு அத்த சொல்லிச்சு.”

“அத்த சொன்னது பாதி நெசம். இன்னும் மூணு மாசத்துல நிக்கலன்னா அது அப்டித்தான் இல்ல. இப்பப் படு, எப்டி இறுக்கணும்னு சொல்றேன். அத்தயையும் கூப்புடு.”

“அதுங்கிட்ட எதுக்கு?”

“அதுக்கும் இருக்கும்மா.”